மடி வீங்கிய பிறகு ஊசி கேட்குமா?

“எங்களிடம் ஒரு ஜெர்சி கலப்பின மாடு இருக்கிறது. போன ஈத்தில் கன்று போட்ட நான்காம் நாளே மடி கல் போல வீங்கிவிட்டது. வைத்தியம் பார்த்தும் ஒரு காம்பு அடைத்துப் போனது. மூன்று காம்பில்தான் பால் கறந்தோம். அடுத்த ஈத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. ‘வைட்டமின் ஈ, செலினியம் கலந்த ஊசி போட்டால் மடிநோயே வராது’ என்று மருந்துக்கடையில் சொல்கிறார்கள். இது உண்மையா? வீங்கிய பிறகு போட்டாலும் கேட்குமா?”
– வாசகி, செங்கம், திருவண்ணாமலை மாவட்டம்.

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. அது எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டால் மிச்சமிருக்கும் மூன்று காம்புகளையும் காப்பாற்றலாம்.

மடி வீங்குவது கிருமியின் வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வீக்கத்தில் பெரும்பங்கு மாட்டின் உடம்பே செய்வது. காம்புத் துளை வழியாகக் கிருமி உள்ளே போனதும் அந்த இடத்து ரத்தக் குழாய்கள் விரிகின்றன. அவற்றின் சுவர் இளகி நீர் கசிகிறது. அதனால்தான் மடி சூடாகி, சிவந்து, கனத்துவிடுகிறது. இளகிய சுவர் வழியே ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்கள் படைபடையாக மடிக்குள் நுழைகின்றன. அவை கிருமியை விழுங்கி, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற காரமான பொருள்களை உண்டாக்கிக் கொல்கின்றன. சிக்கலே அங்கேதான். அந்தக் காரம் கிருமியை மட்டும் சுடாது. வெள்ளை அணுவின் மேலுறையையும், பால் சுரக்கும் செல்களையும் சேர்த்துச் சுடும். செல்லின் மேலுறை கொழுப்பால் ஆனது. ஓரிடத்தில் பற்றினால் வைக்கோல் போரில் தீ பரவுவதைப் போல அடுத்தடுத்துப் பரவிக்கொண்டே போகும்.

வைட்டமின் ஈ அந்தக் கொழுப்புறைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் பொருள். பரவும் தீயைத் தன்மேல் வாங்கி அடுத்ததற்குப் போகவிடாமல் நிறுத்துவது அதன் வேலை. செலினியம் வேறொரு பக்கத்திலிருந்து உதவுகிறது. அதைக் கொண்டு உருவாகும் ஒரு நொதி, மிஞ்சிய பெராக்சைடைத் தண்ணீராக்கிவிடுகிறது. இரண்டும் போதிய அளவு இருந்தால் வெள்ளை அணு நீண்ட நேரம் நின்று போராடும். சண்டையும் சீக்கிரம் முடியும். குறைந்தால் கிருமியும் சாகாது, வீக்கமும் வடியாது, சுரப்புத் திசு தழும்பாகிப் பால் வற்றிவிடும். வாசகியின் மாட்டில் ஒரு காம்பு அடைத்துப்போனதும் பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கும்.

ஆக, வீக்கம் வருவதற்கு முன்பே வைட்டமின் ஈ செல்லுறைக்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மடி கல்லான பிறகு ஊசி வழியாகப் போவது, வீடு பற்றிய பிறகு கிணறு வெட்டுவது போலத்தான். அந்த நேரத்துக்கு வேண்டியது கால்நடை மருத்துவர், கிருமிக்கு ஏற்ற மருந்து, மடியில் தேங்கியதை அடிக்கடி பீய்ச்சி வெளியேற்றுவது ஆகியவைதான். முதல் 24 மணி நேரத்தை வீணாக்கினால் பிறகு எந்த ஊசியாலும் காம்பு திரும்பாது.

கன்று ஈனும் காலம் ஏன் இவ்வளவு ஆபத்து? ஈனுவதற்கு ஓரிரு வாரம் முன்பிருந்தே மாட்டின் ரத்தத்தில் வைட்டமின் ஈ இறங்கத் தொடங்குகிறது. அந்த நாள்களில் மாடு தீவனம் குறைவாக எடுக்கிறது. போதாததற்கு, இருப்பதில் ஒரு பங்கு சீம்பாலுக்குள் போய்விடுகிறது. நஞ்சுக்கொடி வழியாகக் கன்றுக்குக் கிடைக்கும் வைட்டமின் ஈ மிகச் சொற்பம். ஏறக்குறைய வெறுங்கையோடு பிறக்கும் கன்றுக்கு முதல் சீம்பாலில்தான் அதன் பங்கு கிடைக்கிறது. பிறந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே சீம்பாலை ஊட்டிவிட வேண்டும் என்று சொல்லப்படுவதற்கு நோய் எதிர்ப்பு சக்தி முதல் காரணம், இது இன்னொன்று.

நம் ஊர்களில் இந்த நேரத்தில்தான் ஒரு தவறு வழக்கமாகவே நடக்கிறது. கறவை நின்றதும், ‘பால் தராத மாட்டுக்கு எதற்குப் பச்சை?’ என்று சினைமாட்டை வைக்கோலுக்கு மாற்றிவிட்டு, பசுந்தீவனத்தைக் கறவை மாட்டுக்குப் போடுகிறார்கள். வைட்டமின் ஈ கணக்கில் இது தலைகீழ். பசுமையாக இருக்கும் இளம்புல்லில் உலர் எடைக்குக் கிலோவுக்குச் சுமார் 80 முதல் 200 யூனிட் வரை வைட்டமின் ஈ இருக்கும். அறுத்து வெயிலில் காயவைக்கும்போது பெரும்பகுதி அழிந்துவிடும். பல மாதம் போரில் கிடந்த வைக்கோலில் கணக்கில் எடுக்கும்படி எதுவும் மிஞ்சாது. பிண்ணாக்கும் பழைய தவிடும் இந்தக் குறையை ஈடுகட்டாது.

கணக்காகவே பார்த்துவிடலாம். காய்ந்த தீவனத்தை நம்பியிருக்கும் சினைமாட்டுக்கு, ஈனுவதற்கு முந்தைய 60 நாள்களில் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 யூனிட் வீதம் தினமும் வைட்டமின் ஈ கொடுக்க வேண்டும் என்று 2001-ல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் பரிந்துரைத்தது. 400 கிலோ மாட்டுக்கு இது 640 யூனிட். அதே மாட்டுக்கு 25 கிலோ இளம் கோ-5 புல்லோ, வேலிமசால் கலந்த பசுந்தீவனமோ போட்டால் உலர் எடையில் ஏறக்குறைய 5 கிலோ உள்ளே போகும். கிலோவுக்கு 80 யூனிட் என்று குறைத்தே மதிப்பிட்டாலும் 400 யூனிட் வந்துவிடுகிறது. நன்றாகப் பச்சையில் மேய்ந்து வரும் மாட்டுக்குத் தனியாக ஏதும் கொடுக்கத் தேவையிருக்காது. புல் முற்றித் தட்டையான பிறகு அறுத்தால் மட்டும் இந்தக் கணக்கு நிற்காது.

பச்சைக்கும் இந்த வைட்டமினுக்கும் உள்ள உறவு அது கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்தே தொடங்குகிறது. 1922-ல் கலிபோர்னியாவில் ஹெர்பர்ட் எவான்ஸும் கேத்தரின் பிஷப்பும் எலிகளுக்குப் பன்றிக்கொழுப்பு சேர்ந்த செயற்கை உணவை மட்டும் கொடுத்து வளர்த்தார்கள். எலிகள் கொழுகொழுவென்றுதான் இருந்தன. ஆனால், சினைப்பட்டும் குட்டி தங்கவில்லை, கருவிலேயே கரைந்து போனது. லெட்யூஸ் கீரையைச் சேர்த்ததும் குட்டிகள் பிறந்தன. ‘பேறு தருவது’ என்ற பொருளில் கிரேக்கச் சொற்களைக் கொண்டு ‘டோகோபெரால்’ என்று பிறகு பெயர் வைத்தார்கள். இன்றைக்கும் வைட்டமின் ஈ மாத்திரை அட்டையில் அந்தப் பெயரைப் பார்க்கலாம்.

இனி மடிநோய்க்கு வரலாம். அமெரிக்காவின் ஒஹாயோவில் 1984-ல் வெளியான ஆய்வில், பால் வற்றிய காலத்தில் தினமும் 740 யூனிட் வைட்டமின் ஈ கொடுத்த மாடுகளில், வெளிப்படையான மடிநோய் 37 சதவிகிதம் குறைந்தது. அதே மாநிலத்தில் 1997-ல் வெளியான இன்னோர் ஆய்வு இன்னும் பெரிய வேறுபாட்டைக் காட்டியது. கன்று ஈன்ற முதல் வாரத்தில், குறைவாக வைட்டமின் ஈ பெற்ற மாடுகளின் மடிக்கால்களில் நூற்றுக்கு 25-ல் நோய் வந்தது. ஈனுவதற்கு முந்தைய இரண்டு வாரம் தினமும் 4,000 யூனிட் பெற்றவற்றில் நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. கடைக்காரர் சொன்ன பாதி உண்மை இங்கிருந்துதான் வருகிறது.

மறு பாதி நெதர்லாந்தில் இருக்கிறது. 2010-ல் அங்கே ஐந்து பண்ணைகளில் நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. பால் வற்றிய காலத்தில் ஒரு பகுதி மாடுகளுக்குத் தினமும் 3,000 யூனிட்டும் மற்றவற்றுக்கு 135 யூனிட்டும் கொடுத்தார்கள். அதிகம் வாங்கிய மாடுகளில்தான் மடிநோய் அதிகமாக வந்தது! ஒஹாயோ மாடுகள் செலினியம் குறைந்த, காய்ந்த தீவனம் தின்றவை. குறையை நிரப்பியதும் பலன் கிடைத்தது. உடம்பில் ஏற்கெனவே போதுமான அளவு இருந்தால் மேலே மேலே கொட்டுவது நன்மை செய்யும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தீயைத் தன்மேல் வாங்கிய வைட்டமின் ஈ-யும் சூடேறித்தான் நிற்கும். அதை மறுபடி ஆற்ற வேறு சில பொருள்கள் தேவை. அவை போதாமல் போனால் அதுவே சுடத் தொடங்கலாம் என்பது நெதர்லாந்து ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம்.

ஊசியில் கூடவே இருக்கும் செலினியத்திடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். மாட்டுக்குத் தேவையானது தீவனத்தில் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் அளவே. அதற்குச் சில மடங்கு மேலே தொடர்ந்து போனால் அது நஞ்சு. பஞ்சாபில் நவான்ஷஹர், ஹோஷியார்பூர் பகுதிகளில் சில கிராமங்களின் மண்ணிலேயே செலினியம் அதிகம். அங்கே விளையும் தீவனத்தைத் தின்ற மாடுகளுக்கு முடி உதிர்ந்து, குளம்பு வெடித்துக் கழன்றிருக்கிறது. ‘சத்து ஊசிதானே’ என்று வாரத்துக்கு ஒன்றாகப் போட்டுக்கொள்ளும் பொருள் அல்ல அது. தாது உப்புக் கலவை ஏற்கெனவே கொடுத்துவந்தால், அந்த உறையை மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் ஊசியைப் பற்றிப் பேச வேண்டும்.

செங்கம் வாசகிக்கு இன்னும் 60 நாள் இருக்கிறது. அது நல்ல அவகாசம். கறவையை நிறுத்தும் நாளில் மருத்துவரை வரவழைத்து மீதி மூன்று காம்புகளிலும் பாலைச் சோதித்து, தேவைப்பட்டால் வற்றும் காலத்துக்கான மருந்தைக் காம்புக்குள் ஏற்றிவிட வேண்டும். அன்றிலிருந்தே வைக்கோலோடு தினமும் பச்சை சேர வேண்டும். புல் இல்லாத வீட்டில் அகத்தி, சவுண்டல், வேலிமசால், வாய்க்கால் ஓரத்து அருகு என எது கிடைத்தாலும் சரி. சவுண்டலை மட்டும் மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக விடக் கூடாது. பச்சைக்கு வழியே இல்லாத கோடையாக இருந்தால், ஈனுவதற்கு மூன்று வாரம் முன்பு வைட்டமின் ஈ, செலினியம் ஊசியை ஒரு முறை போடலாமா என்று மருத்துவரிடம் கேட்பதில் நியாயம் உண்டு. இந்தச் சத்துகள் குறைவாக இருந்த மாடுகளில், அப்படிப் போட்டதால் நஞ்சுக்கொடி தங்குவதும் குறைந்திருக்கிறது.

ஈன்ற பிறகு, முதல் பீய்ச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுத் திரி திரியாக இருக்கிறதா என்று பார்ப்பது, கறந்ததும் காம்பைப் போவிடோன் அயோடின் கரைசலில் நனைப்பது, காம்புத் துளை மூடும்வரை அரை மணி நேரம் மாட்டைப் படுக்கவிடாமல் தீவனம் போட்டு நிற்கவைப்பது இவையெல்லாம் வைட்டமினைவிட மலிவு. சாணியும் மூத்திரமும் தேங்கிய தரையில் படுக்கும் மாட்டுக்கு எந்தச் சத்து கொடுத்தும் பயனில்லை. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்துப் பூசும் முறை வாசகர்கள் அறிந்ததுதான். அதையும் செய்யலாம், மருத்துவரை அழைத்துவிட்டு. அடைத்துப்போன காம்பில் குழாயோ குச்சியோ விட்டுக் குத்திப் பார்ப்பதை மட்டும் அறவே விட்டுவிட வேண்டும். மற்ற காம்புகளுக்குக் கிருமி போக அதுவே வழியாகும்.

“மூன்று வார வயதுள்ள நாட்டுக்கோழிக் குஞ்சுகளில் சில தலையைப் பின்பக்கம் வளைத்துக்கொண்டு தடுமாறி விழுகின்றன. இரண்டு குஞ்சுகளுக்கு நெஞ்சுத் தோலுக்கு அடியில் நீலப்பச்சையாக நீர் கோத்திருக்கிறது. மழைக்கு முன் வாங்கி வைத்த தவிட்டைத்தான் தீவனத்தில் கலக்கிறேன். வெள்ளைக்கழிச்சலா?”
– வாசகர், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் மாவட்டம்.

கழுத்துத் திருகல் வந்தாலே முதலில் வெள்ளைக்கழிச்சலைச் சந்தேகிப்பது சரிதான். பச்சைக் கழிச்சல், மூச்சுத் திணறல், கூட்டமாகச் சாவு இருந்தால் அந்தப் பக்கம்தான் பார்க்க வேண்டும். ஆனால், நெஞ்சில் நீலப்பச்சை நீர்க்கோப்பு வேறு கதை சொல்கிறது.

வைட்டமின் ஈ-யும் செலினியமும் குறைந்த குஞ்சுகளுக்கு நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் கெடுகிறது. கிருமி எதுவும் இல்லாமலேயே குழாய் கசிந்து, தோலுக்கு அடியில் நீர் சேர்கிறது. அதில் கலந்த ரத்தம் சிதைவதால் அந்த நிறம். சிறுமூளைக் குழாய்களில் ரத்தம் கசிந்தால் குஞ்சு நிலை தடுமாறும். இந்த நீர்க்கோப்பை 1930-களின் இறுதியில் டென்மார்க்கில் விவரித்தவர்களில் ஒருவர் ஹென்ரிக் டாம். ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-யைக் கண்டுபிடித்தவரும் அவரே.

பழைய தவிடு இதில் முக்கியக் குற்றவாளியாக இருக்கலாம். அரிசித் தவிட்டில் எண்ணெயும் உண்டு, அந்த எண்ணெயைச் சிதைக்கும் நொதியும் உண்டு. நெல் அரைத்த அன்றைக்கே சிதைவு தொடங்கிவிடும். ஈரக் காற்றில் சில நாளிலேயே கசப்பும் சிக்கு வாடையும் வரும். சிக்கு ஏறிய எண்ணெய் தவிட்டில் உள்ள வைட்டமின் ஈ-யைத் தின்றுவிடுகிறது. குஞ்சின் வயிற்றுக்குள் போயும் மற்றத் தீவனத்தில் இருப்பதையும் அழிக்கிறது. தவிட்டை நிறுத்திவிட்டுப் புதுத் தீவனம், பொடியாக நறுக்கிய கீரை, மருத்துவர் சொல்லும் அளவில் வைட்டமின் ஈ, செலினியம் சொட்டுமருந்து கொடுத்தால் நீர்க்கோப்பு உள்ள குஞ்சுகள் தேறக்கூடும். மூளை பாதித்தவை தேறுவது கடினம். இறந்த குஞ்சு ஒன்றை அன்றைக்கே மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்குக் கொண்டுபோய் அறுத்துப் பார்க்கச் சொன்னால் சந்தேகம் தீரும். வெள்ளைக்கழிச்சலாக இருந்தால் ஊரில் உள்ள மற்றக் கோழிகளுக்கும் அது தெரிய வேண்டிய செய்தி.

“எங்கள் அம்மாவுக்கு 63 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, இப்போது கதிர்வீச்சு நடக்கிறது. ‘தவிட்டு எண்ணெயில் உள்ள வைட்டமின் ஈ, புற்றுக்கட்டிக்குப் போகும் ரத்தக் குழாய்களை வளரவிடாது. தினமும் இரண்டு ஸ்பூன் பச்சையாகக் குடிக்க வேண்டும், கூடவே 400 யூனிட் மாத்திரை போட வேண்டும்’ என்று செல்போனில் வந்த தகவலை நம்பி உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். எங்களுக்கு ரைஸ் மில் இருப்பதால் தவிடு பற்றிக் கேட்கிறோம். கொடுக்கலாமா?”
– வாசகர், மன்னார்குடி, திருவாரூர் மாவட்டம்.

மாத்திரையை இன்றே நிறுத்திவைத்து, கதிர்வீச்சு மருத்துவரிடம் கேட்க வேண்டும். காரணம் கொஞ்சம் நீளமானது.

அந்தத் தகவல் முழுக்கக் கட்டுக்கதை அல்ல. புற்றுக்கட்டி ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளர வேண்டுமானால், தனக்கென்று புது ரத்தக் குழாய்களை இழுத்துக்கொள்ள வேண்டும். அந்த வரத்தை அடைத்தால் கட்டி பட்டினி கிடக்கும் என்று 1971-ல் ஜூடா போக்மன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் சொன்னார். வைட்டமின் ஈ என்பதும் ஒரே பொருள் அல்ல. நான்கு டோகோபெரால், நான்கு டோகோட்ரையினால் என எட்டு வடிவம். தவிட்டு எண்ணெயிலும் பாமாயிலிலும் டோகோட்ரையினால் கூடுதல். ஆய்வுக்கூடத்தில் அது ரத்தக் குழாய்ச் செல்களின் வளர்ச்சியைத் தடுத்தது உண்மை. இந்த வகைச் சோதனைக்கு, அடைகாக்கும் கோழிமுட்டைக்குள் கருவைச் சுற்றிக் குழாய்கள் பின்னலாகப் படரும் சவ்வைக்கூடப் பயன்படுத்துகிறார்கள்.

ஆனால், முட்டையின் சவ்வில் சொட்டுவிடுவதும் வாய்வழி குடிப்பதும் ஒன்றல்ல. குடலில் ஏறும் எட்டு வடிவங்களில் ஆல்பா டோகோபெராலை மட்டும் ஈரல் பொறுக்கி எடுத்து ரத்தத்துக்கு அனுப்புகிறது. மற்றவற்றில் பெரும்பகுதியை உடம்பு வெளியேற்றிவிடுகிறது. இரண்டு ஸ்பூன் எண்ணெய் கட்டிவரை போய் குழாயை அடைக்கும் என்பது நடக்கிற காரியமில்லை.

தவிர, புதுக் குழாய் வளர்வதெல்லாம் கெடுதல் அல்ல. கருவுக்கு நஞ்சுக்கொடி உருவாவதும், ஈனும் முன் மடி பெருப்பதும், அறுவைப் புண் ஆறுவதும் புதுக் குழாய்களால்தான். குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் பெவாசிசுமாப் என்ற மருந்துக்கு 2004-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. போக்மன் சொல்லி 33 ஆண்டு கழித்து! அந்த மருந்து புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும் என்பதால், அறுவை சிகிச்சைக்கு முன்பும் பின்பும் சில வாரம் அதைத் தருவதில்லை.

மாத்திரையின் கதை இன்னும் கவலைக்குரியது. பின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்து 1994-ல் முடிவு வெளியான ஆய்வில், தினமும் 50 மில்லிகிராம் வைட்டமின் ஈ நுரையீரல் புற்றைக் குறைக்கவில்லை. மூளை ரத்தக்கசிவால் இறந்தவர்கள் மட்டும் அதிகமானார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 35,533 ஆண்களிடம் நடந்த ஆய்வில், தினமும் 400 யூனிட் எடுத்தவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவிகிதம் அதிகமாக வந்ததாக 2011-ல் அறிவித்தார்கள். இந்தக் குடும்பத்துக்கு மிகப் பொருந்துவது கியூபெக்கில் நடந்தது. தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற 540 பேரில் ஒரு பாதியினருக்கு 400 யூனிட் வைட்டமின் ஈ தினமும் தந்தார்கள். மாத்திரை எடுத்த காலத்தில் அவர்களிடம்தான் புற்று திரும்புவதும் புதிதாக வருவதும் அதிகம் இருந்தது. கதிர்வீச்சு, கட்டியின் செல்களைச் சுட்டுத்தான் கொல்கிறது. அந்தச் சூட்டை அணைப்பது வைட்டமின் ஈ-யின் தொழில். அணைக்கும்போது நல்ல செல், கெட்ட செல் என்று அது பார்ப்பதில்லை. மார்பகப் புற்றும் தலை, கழுத்துப் புற்றும் ஒன்றல்லதான். ஆனாலும் நடுவில் நிற்கும் சிகிச்சையைப் பணயம் வைக்க எந்த நியாயமும் இல்லை.

அம்மா ரத்தம் உறையாமலிருக்க வார்பரின் போன்ற மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால், அதிக அளவு வைட்டமின் ஈ ரத்தக்கசிவையும் கூட்டும்.

சமையலுக்குத் தவிட்டு எண்ணெய் தாராளமாக இருக்கட்டும்; சோற்றோடும் குழம்போடும் போகும் அளவால் தீங்கு வராது. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவையான 15 மில்லிகிராம் வைட்டமின் ஈ-யில் பெரும்பகுதி சமையல் எண்ணெய், நிலக்கடலை, கீரையிலிருந்தே கிடைத்துவிடும். மில்லில் விழும் தவிட்டை அப்படியே கரைத்துக் குடிக்கக் கொடுப்பது கூடாது. ஒட்டன்சத்திரம் குஞ்சுகளுக்குச் சொன்ன சிக்குப் பிரச்னை இங்கேயும் உண்டு. அடுத்த முறை கதிர்வீச்சுக்குப் போகும்போது, வீட்டில் கொடுக்கும் மாத்திரை, சூரணம், கஷாயம் எல்லாவற்றையும் அதே அட்டை, டப்பாவோடு ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் மருத்துவர் மேசையில் வைத்துவிடுவது நல்லது. உறவினர்களையும் உடன் அழைத்துப் போகலாம். அவர் சொன்னால் கேட்பார்கள்.